எந்தத் துளசி இது?



போன கார்த்திகையில் எங்கள் வீட்டில் நடந்ததை இந்த முறை எழுதுகிறேன். எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஆனாலும் கைக்குழந்தை வைத்திருக்கும் ஒரு வீட்டுக்காவது உபயோகப்படுமே என்று, வெட்கத்தை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

என் பெண் தலைப்பிரசவத்துக்காகக் கடலூர் வந்திருந்தாள். எங்கள் வீடு மஞ்சக்குப்பத்தில். சுகப்பிரசவம், ஆண் குழந்தை. ஐம்பது நாள் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பெய்ய ஆரம்பித்தால் கொல்லையும் தெருவும் ஒன்றாகிவிடும். அந்த ஈரத்தில் வீட்டில் எல்லோருக்கும் ஜலதோஷம். எனக்கு மூக்கு இரண்டும் அடைத்து, ரசத்தின் வாசனைகூடத் தெரியாமல் நாலு நாள் ஓடியது. கடைசியில் குழந்தைக்கும் வந்துவிட்டது. மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்க முடியாமல் அது அழுத அழுகையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்கள் வீட்டு வழக்கம் கற்பூரவல்லி. இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்து, துளசிச் சாறும் ரெண்டு சொட்டுச் சேர்த்து, தாய்ப்பாலில் கலந்து பாலாடையில் ஊற்றுவோம். என் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான் செய்தேன். ஆனால் கொல்லையில் இருந்த கற்பூரவல்லி, தண்ணீர் தேங்கி அழுகிப் போயிருந்தது. துளசி மாடத்தில் இருந்ததும் இலை உதிர்ந்து குச்சியாக நின்றது.

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்தவள் நல்ல மனசுக்காரி. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன அக்கா தேடறீங்க?" என்றாள். சொன்னேன். "எங்ககிட்ட கற்பூரத் துளசி இருக்கு அக்கா. கற்பூரவல்லியும் துளசியும் ஒண்ணாச் சேர்ந்த மாதிரி. எடுத்துக்கோங்க" என்று ஒரு கைப்பிடி பறித்துக் கொடுத்தாள். பேரிலேயே கற்பூரமும் இருக்கிறது, துளசியும் இருக்கிறது, இரட்டை லாபம் என்று நினைத்துக்கொண்டு, அம்மியில் வைத்து நசுக்கிப் பிழிந்தேன். அரைத் தேக்கரண்டி சாறு வந்தது. பாலாடையில் ஊற்றிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

என் மாமியாருக்கு எழுபத்தாறு வயசு. கண் மங்கல்; ஆனால் மூக்கு அபாரம். கூடத்து மூலையில் கட்டிலில் சாய்ந்திருந்தவர், "யாரும்மா இப்ப சூடம் ஏத்தறது? விளக்கு வைக்கிற நேரம்கூட ஆகலையே" என்றார்.

"யாரும் ஏத்தலையே அத்தை."

"ஏத்தாம எப்படி இந்த வாசனை வரும்? உன் கையிலே என்ன?"

பாலாடையை வாங்கி மூக்கருகே வைத்தார். ஒரு நொடிதான். ஜன்னல் வழியாக வெளியே கொட்டிவிட்டார். "இது துளசியும் இல்லே, ஒண்ணும் இல்லே. சூடத்தைக் கரைச்சு வெச்சிருக்கே. பச்சப்புள்ளைக்கு இதையா கொடுப்பாங்க?" என்றார். எனக்கோ ஒரு வாசனையும் தெரியவில்லை. ஜலதோஷத்தில் என் மூக்கு செத்துப்போயிருந்ததே!

கை கால் நடுக்கம் எடுத்துவிட்டது. மழையோடு மழையாக ஆட்டோ பிடித்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம். அவர் பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி இல்லை, வெறும் மூக்கடைப்புதான் என்றார். பால் கொடுப்பதற்கு முன் மூக்கில் விட உப்பு நீர்ச் சொட்டு எழுதிக் கொடுத்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம்மா. எந்த இலைச் சாறும் வேண்டாம். சூடம் சம்பந்தப்பட்டது எதுவும் கிட்டவே வரக்கூடாது. கைக்குழந்தைக்குச் சூடம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும்" என்றார்.

வலிப்பு! அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. பேரில் துளசி இருக்கிற ஒரு செடியில் சூடம் எப்படி வந்தது? அப்படியானால் நாம் இத்தனை வருஷமாகத் துளசி, துளசி என்று பறித்துக் கொண்டிருப்பதெல்லாம் என்ன?

குழந்தைக்குச் சரியானதும் சிதம்பரம் போனேன். அங்கே மேல வீதிக்குப் பக்கத்தில் என் அண்ணன் வீடு. அண்ணி கொல்லையில் கற்பூரவல்லி மண்டிக் கிடக்கும். ரெண்டு கிளை ஒடித்து வரலாம் என்று ஒரு சாக்கு. இன்னொரு காரணம், அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கும் சார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த இலையில் நாலைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன்.

சார் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தார். சிரித்தார். "உங்க மாமியாருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லுங்க. இதோட எண்ணெயிலே பாதிக்கு மேலே கற்பூரமாவே இருக்கறது சகஜம்" என்றார். பிறகு அண்ணியிடம், "அஞ்சறைப் பெட்டியைக் கொஞ்சம் கொண்டு வாங்கம்மா. கூடவே கொல்லையிலே இருக்கிற வாசனை இலையெல்லாம் ஒவ்வொண்ணு" என்றார். அன்றைக்கு அந்தத் திண்ணையில் நான் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். எனக்குப் புரிந்தது உங்களுக்கும் புரியும்.

முதலில் மாடத்துத் துளசி. அதன் இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு, அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் கடித்து முகர்ந்து பார்க்கச் சொன்னார். பார்த்தால் ரெண்டும் அக்கா தங்கை! காரணம், கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் யூஜினால் என்ற பொருள்தான் துளசி எண்ணெயிலும் முக்கியமாக இருக்கிறது. பல்வலிக்குக் கிராம்புத் தைலம் வைத்தால் மரத்துப் போகிறதே, அது இந்த யூஜினால் செய்யும் வேலைதான்.

அடுத்து கற்பூரவல்லி. அதைக் கசக்கிவிட்டு ஓமத்தைத் தேய்த்து முகர்ந்தோம். அச்சு அசல் ஓமம். ஓமவல்லி என்று இன்னொரு பேர் அதற்கு இருப்பது சும்மா இல்லை. ஓமத்தில் இருக்கும் தைமாலும், அதற்கு உடன்பிறப்பு போன்ற கார்வக்ராலும்தான் கற்பூரவல்லியின் மணம். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்கிறார்களே, அதுதான் இந்தத் தைமால். பேரில் மட்டும் கற்பூரத்தை வைத்துக்கொண்டு, இலையில் சொல்லும்படியாகக் கற்பூரம் இல்லாத செடி இது! நானும் பக்கத்து வீட்டுக்காரியும் ஏமாந்தது இந்தப் பேரில்தான்.

மூன்றாவது திருநீற்றுப் பச்சிலை. ஜிகர்தண்டாவிலும் ஃபலூடாவிலும் போடும் சப்ஜா விதை இந்தச் செடியுடையது. இலையைக் கசக்கினால் நம் பக்கத்துச் செடியில் பெரும்பாலும் சோம்பு வாசனை. மெத்தில் சாவிகால் என்ற பொருள் அதில் அதிகம். இதே இனம், இத்தாலி போன்ற மத்தியதரைக் கடல் நாடுகளில் சமையலுக்காக வளர்க்கும் ரகங்களில் லினலூல் என்ற பூ வாசனைப் பொருளை அதிகமாக வைத்திருக்கிறது. செடி நூல்களில் ரெண்டுக்கும் ஒரே பேர்தான். மூக்குக்கு மட்டும் ரெண்டு பேர்.

நாலாவதாக நான் கொண்டுபோன கற்பூரத் துளசி. ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ மலையின் பேரையே விஞ்ஞானிகள் இதற்கு வைத்திருக்கிறார்கள். துளசிக்கு உறவு, ஆனால் நம் மாடத்துத் துளசி வேறு, இது வேறு. சூடம் தட்டுப்பாடான காலத்தில் இதிலிருந்து கற்பூரம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்றால் பாருங்களேன்.

எனக்கு ஒரு சந்தேகம். "வேற வேற இனம்னா வேற வேற வாசனை, சரி. ஒரே இனத்துக்குள்ளேயும் அப்படி ஆகுமா சார்?" என்றேன்.

"அதுதாம்மா விஷயமே" என்றார். வேலி ஓரத்தில் தானே முளைக்கும் நாய்த்துளசியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதில் ஒரு செடியைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை அடிக்கும். சிட்ரால் என்ற பொருள் அதில் இருக்கிறது. இன்னொரு ரகத்தில் கற்பூர வாசனை. இலை, பூ, காம்பு எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். செடி நூலும் ரெண்டும் ஒரே இனம் என்றுதான் சொல்லும். மாடத்துத் துளசியிலும் இப்படித்தான். சில ரகத்தில் யூஜினால் ஏராளம். சில ரகத்தில் அதன் இடத்தை மெத்தில் யூஜினால் என்ற வேறொரு பொருள் பிடித்துக்கொள்ளும். லக்னோவில் இருக்கும் மத்திய அரசின் மூலிகை ஆராய்ச்சி நிறுவனம், சீமேப் என்று சொல்வார்கள், யூஜினால் மிகுந்த துளசியாகவே தேர்ந்தெடுத்து 'சிம் ஆயு' என்ற ரகத்தை விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது. கிருஷ்ண துளசி, ராம துளசி என்று நிறத்தைப் பார்த்துப் பிரிக்கிறோம். அந்தக் கருஞ்சிவப்பு வேறு சாயப்பொருள்; எண்ணெய் வேறு சமாசாரம். நிறத்தை மட்டும் வைத்து இதில் காரம் அதிகம், அதில் குறைவு என்று சொல்லிவிட முடியாதாம்.

ஏன் இப்படி ஆகிறது? இலையை வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், மேலே பொடிப்பொடியாகப் புள்ளிகள் தெரியும். அவைதான் எண்ணெய்ப் பைகள். கசக்கினால் அவை உடைந்து வாசனை வருகிறது. அந்தப் பைகளுக்குள் செடி தன் சமையலைச் செய்கிறது. சார் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "உங்க வீட்டிலே மாவு ஒண்ணுதானேம்மா? அதையே குழியிலே ஊத்தி வேகவெச்சா இட்லி, கல்லிலே ஊத்தினா தோசை, பணியாரச் சட்டியிலே ஊத்தினா குழிப்பணியாரம். மாவு ஒண்ணு, பாத்திரம் வேற." செடிக்குள் அந்தப் பாத்திரங்கள் நொதிகள். எந்தெந்த நொதி இருக்க வேண்டும் என்பது அம்மா அப்பா செடியிலிருந்து வருகிறது. ஒரே ஒரு நொதி கூடுதலாக இருந்தால் போதும்; யூஜினால், மெத்தில் யூஜினாலாக மாறிவிடும். வெயில், மழை, உரம், இலையின் வயசு இவையும் எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும். ஆனாலும் தோசைக்கல்லே இல்லாத வீட்டில் எவ்வளவு நெருப்பு மூட்டினாலும் தோசை வராது, பாருங்கள்!

இதிலிருந்து நமக்கு ஒரு உபயோகமான விஷயமும் கிடைக்கிறது. கற்பூரவல்லியை நாம் கிளை ஒடித்து நடுகிறோம். அதனால் பிள்ளைச் செடி தாய்ச் செடியைப் போலவே அப்படியே இருக்கும். துளசி வகைகளோ விதையில் முளைப்பவை. தேனீ பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொண்டு வந்து சேர்த்துவிடும். தாய் ஒரு வாசனை, மகள் ஒரு வாசனை என்று ஆகலாம். "எங்க வீட்டுத் துளசி விதைதான்" என்று யாராவது கொடுத்தாலும், முளைத்து வந்தபிறகு ஒருதரம் முகர்ந்து பார்த்துவிடுங்கள்.

எங்கள் கடலூருக்கே சொந்தமான ஒரு உதாரணமும் சார் சொன்னார். கேட்டதும் எனக்குப் பெருமையாக இருந்தது. கடலூரிலிருந்து தெற்கே கடற்கரையோரம் நொச்சிக்காடு பக்கம் போனால், மணலில் வெட்டிவேர் பயிர் நிற்கும். பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் இன்றைக்கும் இதை 'வெட்டிவேர்' என்றே சொல்கிறார்கள். நம் தமிழ்ச் சொல்தான் அங்கே போயிருக்கிறது. இந்த வெட்டிவேரிலும் ரெண்டு ஜாதி. வட இந்தியாவில் காடாக வளர்ந்து பூத்து விதை விடும் வகை ஒன்று. தென்னாட்டில் பயிராக, தூர் பிரித்து நடும் வகை இன்னொன்று. இது விதை விடுவது அபூர்வம். ரெண்டும் ஒரே புல் இனம்தான். ஆனால் வடக்கத்திக் காட்டு வேரின் எண்ணெயில் குசினால், குசிலால் போன்ற பொருள்கள். தெற்கத்தி எண்ணெயில் குசிமால், வெட்டிவோன் போன்றவை. ஒருவகை ஒளியை எண்ணெய்க்குள் செலுத்தினால் ஒன்று இடப்பக்கம் திருப்புமாம், மற்றது வலப்பக்கம் திருப்புமாம். வாசனைத் திரவியம் செய்பவர்கள் ரெண்டையும் ஒன்றாக எண்ணுவதே இல்லை. தண்ணீர்ப் பானையில் வெட்டிவேர் போடும் நமக்குத்தான் எல்லாம் ஒரே வேர்!

இதெல்லாம் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினால், வீட்டில் அடுத்த பரீட்சை காத்திருந்தது. குழந்தையைப் பார்க்க வந்த என் நாத்தனார் பெண், ஒரு சின்னக் குப்பியை நீட்டினாள். "ரோஸ்மேரி எண்ணெய், மாமி. நீலகிரியிலே விளையறது. முடி நல்லா வளருமாம். குழந்தை தலையிலே ரெண்டு சொட்டுத் தேய்ச்சா கருகருன்னு வரும்" என்றாள்.

இப்போது இந்த ரோஸ்மேரி மோகம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, இல்லையா? அதுவும் துளசிக் குடும்பம்தான். துளசி, கற்பூரவல்லி, புதினா, தும்பை, லாவண்டர், ரோஸ்மேரி எல்லாம் ஒரே வம்சம். உடனே சாருக்குப் போன் போட்டேன். ரோஸ்மேரியிலும் இதே கதைதான் என்றார். மொராக்கோ, துனிசியா பக்கத்து ரகத்தில் சினியோல் அதிகம். அது யூகலிப்டஸ் தைலத்தின் சரக்கு. ஸ்பெயின் நாட்டு ரகத்தில் கற்பூரம் கூடுதல். கோர்சிகா தீவின் ரகத்தில் வெர்பினோன் என்று ஒன்று. குப்பியின் மேல் வெறுமனே 'ரோஸ்மேரி' என்று மட்டும் போட்டிருந்தால், உள்ளே எது இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? பெரியவர்கள் தேங்காய் எண்ணெயில் ரெண்டொரு சொட்டுக் கலந்து தலைக்குத் தேய்த்துக்கொள்வது வேறு. கைக்குழந்தையின் தலையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாத்தனார் பெண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. பாலாடை கதையைச் சொன்னதும்தான் சமாதானமானாள்.

இலையைவிடக் குப்பிதான் நாம் அதிகம் பயப்பட வேண்டிய சாமான். இதையும் சாரே எடுத்துச் சொன்னார். இலையில் இருக்கும் எண்ணெய் மிகக் கொஞ்சம். "அன்னிக்கு அந்தச் சாறு உள்ளே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகாமலே இருந்திருக்கலாம். ஆனா ஐம்பது நாள் குழந்தைகிட்டே யாரும்மா பரீட்சை வெச்சுப் பார்ப்பாங்க?" என்றார். உள்ளே போகும் கற்பூரத்தை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. பிறந்த குழந்தைக்கு அந்தச் சக்தி இன்னும் முழுதாக வந்திருக்காது. ஆனால் குப்பியில் அடைத்த எண்ணெய் என்பது கூடை கூடையான இலையைக் காய்ச்சி இறக்கிய சாரம். அதில் சில சொட்டே பெரிய அளவு.

அமெரிக்காவில் சூடம் கரைத்த எண்ணெயைக் கடைகளில் விற்கக்கூடாது என்று 1982-ல் தடை போட்டார்கள். விளக்கெண்ணெய் என்று நினைத்துக் குழந்தைகளுக்குத் தவறுதலாகப் புகட்டி விபரீதமானதும் அதற்கு ஒரு காரணம். நம் வீடுகளிலோ தேங்காய் எண்ணெயில் சூடம் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தடவுவது இன்னும் நடக்கிறது. ரெண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அதைச் செய்யாதீர்கள். சளிக்குத் தேய்க்கும் தைலங்களும் அந்த வயதில் வேண்டாம். மூக்குத் துவாரத்தில் தடவவே கூடாது; மூச்சு திடீரென்று முட்டிக்கொள்ளும்.

"பெருமாள் கோவில் தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் போடுகிறார்களே?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சிதம்பரத்தில் நடராஜரைச் சேவித்துவிட்டு, அங்கேயே கோவிந்தராஜரையும் சேவித்து, துளசி தீர்த்தம் வாங்கி வளர்ந்தவள்தானே நான். பெரிய பாத்திர நீரில் ஒரு சிட்டிகை போட்டு, அதில் ஒரு உத்தரணி நாம் வாங்குகிறோம். பெரியவர்கள் உடம்புக்கு அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தைக்கு உதட்டில் வைக்காமல், தலையில் தெளித்துக்கொண்டு வந்தால் பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி, வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ள வசதியாகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. எந்த இலையையும் மருந்தாக எடுக்குமுன் கசக்கி முகருங்கள். கிராம்பு வாசனை வந்தால் மாடத்துத் துளசி. ஓம வாசனை வந்தால் கற்பூரவல்லி. சோம்பு வாசனை வந்தால் திருநீற்றுப் பச்சிலை. சூட வாசனை வந்தால் வீட்டில் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

2. உங்களுக்கே ஜலதோஷம் என்றால், மூக்கு நன்றாக இருக்கும் வேறு ஒருவரை முகரச் சொல்லுங்கள். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

3. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும். எந்தச் சாறும் வேண்டாம். அதற்குமேல் கொடுக்க நினைத்தாலும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

4. ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. இலைச்சாற்றோடு தேன் குழைப்பது நம் பழக்கம். ஆனால் தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி விதை, சின்னக் குழந்தையின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கும்.

5. சளியோடு குழந்தையின் மூச்சை எண்ணிப் பாருங்கள். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுக்க எண்ண வேண்டும். ரெண்டு மாதத்துக்குள் இருந்தால் 60, ரெண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே.

6. சூடம், யூகலிப்டஸ் தைலம், வாசனை எண்ணெய்க் குப்பிகளைப் பூஜை மாடத்தின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். தவழும் குழந்தைக்குச் சூட வில்லையும் கல்கண்டும் ஒன்றுதான். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சில நிமிஷத்திலேயே வலிப்பு வந்துவிடலாம்.

பக்கத்து வீட்டுக்காரியிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன். நல்ல மனசோடு கொடுத்தவள் அல்லவா? ஒருநாள் காப்பி சாப்பிடக் கூப்பிட்டு, அஞ்சறைப் பெட்டியைத் திறந்து வைத்து, சார் எனக்குக் காட்டியதுபோலவே காட்டினேன். கிராம்பையும் துளசியையும் முகர்ந்தபோது அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தைப் பார்க்க வேண்டுமே! கற்பூரத் துளசியைப் பிடுங்கி எறிந்துவிடவா என்று கேட்டாள். "வேண்டாம்மா, அது பாட்டுக்கு வாசலில் நிற்கட்டும். நல்ல வாசனைதானே. பேர் மட்டும் எழுதி வை" என்றேன். அவளுடைய மகன் தகரத்துண்டில் பெயிண்டால் எழுதித் தொட்டியில் செருகியிருக்கிறான்: 'சூட வாசனை. குழந்தைக்கு ஆகாது.'

சிதம்பரத்திலிருந்து கொண்டு வந்த கற்பூரவல்லிக் கிளை ரெண்டும், தண்ணீர் தேங்காத மேட்டில் நட்டுத் துளிர்த்துவிட்டன. பேரனுக்கு இப்போது பல் முளைக்கிறது. தவழ்ந்து போய்த் தொட்டி மண்ணைத் தின்னப் பார்க்கிறான்.

மாமியாரிடம் சார் சொன்ன நமஸ்காரத்தைச் சொன்னேன். "என் மூக்கு என்ன பெரிய மூக்கு. அந்தக் காலத்திலே எந்த இலையானாலும் மோந்து பார்த்துட்டுத்தான் பறிப்போம். நீங்கதான் பேரைக் கேட்டே பறிக்கறீங்க" என்றார்.

நாளையிலிருந்து நீங்களும் முகர்ந்து பார்த்தே பறியுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.